மாமாவின் கல்ச்சர் ரிப்போர்ட்

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆய்வகத்தின் நுண்ணுயிரியல் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். காவேரிப்பட்டினம், பர்கூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் சிறுநீர், சளி, சீழ், இரத்த மாதிரிகளை வளர்ப்புத் தட்டில் இட்டு, எந்தக் கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று பார்த்து, அதைக் கல்ச்சர் ரிப்போர்ட்டாக எழுதித் தருவது என் தொழில். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வீரியமான மருந்துகளுக்கு அடங்காத கிருமி ஒரு தட்டில் வளர்ந்திருந்தால் அருகில் இருப்பவரை அழைத்துக் காட்டுவோம்; இப்போது அத்தகைய தட்டு வந்தால் யாரும் வியப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு கிருமி என் மாமனாருக்கே தொற்றி, அவருடைய படுக்கையருகில் நான் உடனிருக்க நேர்ந்தது. இன்று இதே நிலையில் ஏதோ ஒரு வார்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக, அப்போது கண்டதையும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல என்பதால், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பவற்றை உங்கள் மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மாமாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். சர்க்கரை நோயும் உண்டு. அறுவடைக் காலத்தில் தோப்பில் கால் இடறி விழுந்ததில் இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பு முறிந்தது. அசையவே முடியாத வலியில் இருந்தவருக்குச் சிறுநீர் வெளியேறக் குழாய் போட்டார்கள். அது அப்போது தேவையாகத்தான் இருந்தது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்து, காயமும் சுத்தமாக ஆறிக்கொண்டிருந்த நிலையில், ஒரு மாலை திடீரென்று குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. இரவுக்குள் பேச்சு தடுமாறியது. தோப்பில் ஆட்கள் காய் பறிக்கிறார்கள், கூலி கொடுக்க வேண்டும் என்று எழ முயன்றார். முதியவர்களுக்குத் தொற்று வரும்போது காய்ச்சலுக்கு முன்பாகவே இப்படிப் புத்தி தடுமாறுவது உண்டு. அதை வயதின் குணம் என்றோ ஊசி மயக்கம் என்றோ உறவினர்கள் ஒதுக்கிவிடாமல் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கடந்த பிறகு தொடங்கும் தொற்றை, சேரும்போது அது உடலில் அரும்பியிருக்கவில்லை என்றால், மருத்துவமனையில் பெற்ற தொற்று என்று வகைப்படுத்துகிறார்கள். சிறுநீர்க் குழாய், இரத்தக் குழாயில் செருகிய ஊசிக்குழாய், செயற்கைச் சுவாசக் குழாய், அறுவை சிகிச்சைக் காயம் ஆகிய நான்கும்தான் இதற்குப் பெரும்பாலான வாசல்கள். உடம்பின் இயற்கையான தடுப்புகளைத் தாண்டி உள்ளே போகும் எந்தக் குழாயின் மீதும் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலத்தைச் சுரந்துகொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்தும் எளிதில் எட்டாது, நம் வெள்ளணுக்களும் எளிதில் எட்டாது. சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடிக்கொண்டே போகிறது. எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும், எவ்வளவு நல்ல மருத்துவமனையானாலும், குழாய் நீடிக்க நீடிக்கக் கிருமி வந்தே தீரும். ஆகவே மாமாவுக்குத் தொற்று வந்ததற்கு எவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு பணியில் இருந்த இளம் மருத்துவர் செய்த மூன்று காரியங்களை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன். முதலில், பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, அதிலிருந்து சிறுநீர் மாதிரி எடுத்தார். இரண்டாவதாக, இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டில்களில் சேர்த்தார். இவை முடிந்த பிறகே, அதுவும் தாமதமில்லாமல், முதல் ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டார். மருந்து உள்ளே போன பின் எடுத்த மாதிரியில் கிருமி பாதி செத்தும் பாதி ஒடுங்கியும் இருப்பதால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம். வளராவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாமலே போகும். அதற்காக, இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்குப் போராடும் நோயாளிக்கு மாதிரி எடுக்கவென்று ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது. அந்நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயாக வேண்டும். மாதிரி எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். அதனால் உடனிருப்பவர், ஊசி போட வரும்போது, ‘கல்ச்சருக்கு எடுத்தாச்சா சிஸ்டர்?’ என்று பணிவாக ஒரு வார்த்தை கேட்பதில் தவறே இல்லை. பெரும்பாலும் எடுத்திருப்பார்கள், அவசரத்தில் விட்டுப்போயிருந்தால் அந்த ஒரு கேள்வி நினைவூட்டிவிடும்.

மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி ஆய்வகத்தில் இருப்பவள் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையற்ற ஆன்டிபயாடிக் பலவும் தவறான மாதிரியிலிருந்தே பிறக்கிறது. குழாய் போட்டவருக்குக் கீழே தொங்கும் பையிலிருந்து சிறுநீரைப் பிடித்து அனுப்பக் கூடாது; பையில் மணிக்கணக்கில் தேங்கி நின்ற சிறுநீரில் வளர்வது நோயாளியின் சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமிதான் என்று சொல்ல முடியாது. குழாயில் அதற்கென்று இருக்கும் இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்த மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வர வேண்டும், இல்லையேல் குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான ஈ-கோலை போன்ற பாக்டீரியா தகுந்த சூட்டில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் கிருமிகள் என்பதையே வழக்கமாகத் தொற்றுக்கான அளவாகக் கொள்கிறோம். சித்திரை வெயிலில் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்த மாதிரி, வந்து சேர்வதற்குள் தானாகவே அந்த எண்ணிக்கையை எட்டிவிடக்கூடும். அதைப் பார்த்து எழுதப்படும் மருந்து, இல்லாத நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து.

மாதிரி வந்ததும் தட்டில் கீறி, 37 டிகிரி சூட்டில் இரவு முழுவதும் வைக்கிறோம். மறுநாள் வளர்ந்த கிருமியை எடுத்து வேறொரு தட்டில் பரப்பி, அதன் மீது மருந்து தோய்ந்த சிறு வட்டக் காகிதங்களை வைத்து மீண்டும் ஒரு இரவு விடுகிறோம். மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றி எதுவும் வளராத தெளிவான வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, மருந்து கேட்கும், கேட்காது என்று எழுதுகிறோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பாவர், கிர்பி முதலியோர் 1966-இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட முறை இது. தானியங்கிக் கருவிகள் வந்துவிட்ட பின்னும் எங்களைப் போன்ற சிறு ஆய்வகங்களுக்கு இதுவே கைகொடுக்கிறது. ஆக, முடிவு வர இரண்டு நாளாவது ஆகும். அந்த இரண்டு நாளும் மருத்துவர் தம் அனுபவத்தையும் அந்த மருத்துவமனையில் வழக்கமாகக் காணப்படும் கிருமிகளையும் கணக்கில் கொண்டு ஊகித்துத்தான் மருந்து கொடுக்க முடியும். முடிவு வந்த பின் மருந்தை மாற்றினால், முன்பு தவறாகக் கொடுத்துவிட்டார் என்று பொருளல்ல. எங்கள் குடும்பத்திலேயே சிலர் அப்படிப் பேசினார்கள். இதை அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

மாமாவின் சிறுநீரில் வளர்ந்தது கிளெப்சியெல்லா நிமோனியே. தொழிலில் எனக்கு மிகவும் பழகிய கிருமி அது. மேக்கான்கி என்ற வகை வளர்ப்புத் தட்டில் இளஞ்சிவப்பாக, கோழைபோல் பளபளக்கும் திட்டுகளாக வளரும், கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூலாக இழுபடும். செஃப்ட்ரியாக்சோன், பிப்பரசிலின்-டாசோபாக்டம், மெரோபெனம் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் எல்லாவற்றுக்கும் அடங்காது என்று எழுதியிருந்த காகிதத்தைக் கையில் வாங்கியபோது, நான் தினமும் எத்தனையோ பேருக்கு அனுப்பும் இதே காகிதம் அவர்கள் வீட்டில் என்னவாகப் போய் இறங்கியிருக்கும் என்பது உறைத்தது. இரத்தக் கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்பதும், அமிகாசின் என்ற மருந்துக்கு இந்தக் கிருமி அடங்கும் என்பதும் எங்கள் நல்ல காலம். அமிகாசின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டும், காதில் இரைச்சல் கேட்கிறதா என்று விசாரித்துக்கொண்டும் கொடுத்தார்கள். காய்ச்சல் படிப்படியாக இறங்கியது.

மெரோபெனம் போன்ற கார்பாபெனம் வகை மருந்துகளை மருத்துவர்கள் மற்ற மருந்துகள் கைவிடும்போது எடுப்பதற்கென்று வைத்திருந்தார்கள். அதையும் உடைக்கும் நொதியைச் சுரக்க இந்தக் கிருமிகள் கற்றுக்கொண்டதுதான் இன்றைய ஆபத்தின் மையம். 2008-இல் சுவீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்து எடுத்த கிளெப்சியெல்லாவில் அப்படியொரு நொதியைக் கண்டுபிடித்தார்கள். அவர் அதற்கு முன் டெல்லியில் சிகிச்சை பெற்றிருந்ததால் நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள், சுருக்கமாக என்.டி.எம்-1. 2010-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளிவந்து உலகையே பேசவைத்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. பெயர் குறித்து அப்போது நாட்டில் எழுந்த கோபத்தில், கட்டுரை சொன்ன செய்தி நம் மக்களைச் சென்று சேராமல் போனதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அந்த நொதிக்கான மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கிறது. பிளாஸ்மிட்டை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு நகலெடுத்துக் கொடுக்க முடியும். வாங்குவது வேறு இனமாக இருந்தாலும் தடையில்லை. எங்கள் பக்கம் நல்ல மரத்தின் ஒட்டுக் குச்சியைப் பக்கத்துத் தோப்புக்காரருக்குக் கொடுத்தால், அவருடைய கன்றும் விதையிலிருந்து பாடுபட்டு வளராமலே அந்தக் குணத்தைப் பெற்றுவிடுகிறதல்லவா, அப்படித்தான் இதுவும். ஒருவர் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா வாழ்கிறது. தேவையின்றி ஒரு ஆன்டிபயாடிக் உள்ளே போகும்போது, அடங்கும் பாக்டீரியா செத்து, அடங்காதவற்றுக்கு இடமும் உணவும் தாராளமாகக் கிடைக்கின்றன. மாமாவுக்கு மாந்தோப்பில் சளி பிடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஊர்க் கடையில் சொல்லி, இரண்டு வேளைக்கு என்று காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளை வாங்கி விழுங்குவது பல ஆண்டுப் பழக்கம். அவற்றில் என்னென்ன இருந்தன என்று யாருக்கும் தெரியாது. அந்த மாத்திரைகளே இந்தக் கிருமியை உண்டாக்கின என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனையில் சேர்க்கும்போது, கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தாரா, வேறு மருத்துவமனையில் படுத்திருந்தாரா என்று மருத்துவர் கேட்டால் அதற்கு விடை சொல்ல ஒரு சீட்டாவது கையில் இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஊகம் சரியாக அமைவது பெருமளவு அந்த விடையைப் பொறுத்தது.

இனி கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த அனுபவத்தில் என் மனத்தை அதிகம் ஆட்கொண்டது அதுதான். நம் ஊர் வார்டுகளில் உடனிருப்பவர்கள் தங்கள் நோயாளியை மட்டும் பார்ப்பதில்லை. மாமாவுக்கு எதிர்ப் படுக்கையில் பென்னாகரம் பக்கத்துப் பாட்டி ஒருவர் இருந்தார். அவருடைய மகள் வெளியே மருந்து வாங்கப் போனால் நான் பாட்டியைத் தூக்கி உட்காரவைப்பேன், நான் சாப்பிடப் போனால் அவர் மாமாவுக்குத் தண்ணீர் கொடுப்பார், பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் யாருடைய சிறுநீர்ப் பை நிறைந்திருந்தாலும் தானே போய் ஊற்றிவிட்டு வருவார். இந்த அன்பு இல்லையென்றால் ஏழைக் குடும்பங்கள் மருத்துவமனையில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அதே அன்பின் வழியாகத்தான் கிருமியும் படுக்கை விட்டுப் படுக்கை போகிறது. கிளெப்சியெல்லா காற்றில் பறந்து வருவதில்லை. குடலிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் கைக்கும், கையிலிருந்து கட்டில் கம்பிக்கும், குழாய்க்கும், அடுத்தவர் உடம்புக்கும் போகிறது. அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு மருத்துவமனைக் கிருமி காய்ந்த பரப்பில்கூட வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்; சூடோமோனாஸ் ஈரமுள்ள கைகழுவும் தொட்டிகளை விரும்பித் தங்கும்.

அந்த வார்டின் மூத்த செவிலியர் இதை மிக அழகாகக் கையாண்டார். யாரையும் அதட்டவில்லை, அடுத்த படுக்கைக்குப் போகாதே என்று தடுக்கவுமில்லை. “நீங்க ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்றது நல்லதுதான் அக்கா, ஆனா ஒருத்தரைத் தொட்டுட்டு அடுத்தவரைத் தொடறதுக்கு முன்னாடி கையில இதைத் தேய்ச்சுக்குங்க” என்று சொல்லி, ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஆல்கஹால் கைத்தேய்ப்பான் புட்டி இருக்கும்படி பார்த்துக்கொண்டார். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் நனைந்து தானாகக் காயும்வரை, அதாவது 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். கையில் மலமோ சிறுநீரோ இரத்தமோ பட்டுக் கண்ணுக்குத் தெரிந்தால் தேய்ப்பான் போதாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு 40 முதல் 60 நொடி கழுவ வேண்டும். கையுறை போட்டிருப்பவரும் அதைக் கழற்றியவுடன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே கையுறையுடன் இரண்டு பேரைத் தொட்டால், வெறும் கையால் தொட்டதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. சிறுநீர்ப் பையை ஊற்றும் குவளை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக இருக்க வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. ஸ்கேனுக்கு அழைத்துப் போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் மடியில் வைத்துவிடுகிறோம், அப்போது தேங்கிய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடுகிறது. குழாயும் பையும் இணையும் இடத்தைப் பிரிக்கவே கூடாது.

பார்க்க வரும் உறவினர்களைத் தடுப்பது நம் வழக்கத்தில் எளிதல்ல. பெரியவர் படுத்திருக்கிறார் என்றால் ஊரே வண்டி வைத்துக்கொண்டு வரும். வராவிட்டால் மனத்தாங்கல் வரும். வருகிறவர்களை வாசலிலேயே கைத்தேய்ப்பானுடன் வரவேற்று, கட்டிலில் உட்கார வேண்டாம் என்று நாற்காலியைக் காட்டி, கோயில் விபூதியைக் கட்டுப்போட்ட இடத்துக்கும் ஊசிக்குழாய்க்கும் அருகில் கொண்டு போகாமல் நெற்றியில் மட்டும் வைக்கச் சொன்னோம். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒத்துழைத்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த பின் தினமும் காலையில் மருத்துவர் சுற்றிவரும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: இந்தக் குழாய் இன்றும் தேவையா? படுக்கையில் கழிக்க வைப்பதும் துணி மாற்றுவதும் உடனிருப்பவருக்குச் சிரமம்தான். அதனால் குழாய் இருந்தால் வசதி என்று நாமே நினைத்துவிடுகிறோம், சில குடும்பங்கள் குழாயை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதையும் பார்த்தேன். மாமாவுக்குக் காய்ச்சல் இறங்கி, பிசியோதெரபி கொடுப்பவர் பிடித்து நிற்கவைத்த அன்றே குழாயை எடுத்துவிட்டார்கள். அதன் பின் ஒவ்வொரு முறையும் பாத்திரம் வைத்து எடுத்துப் போட்டோம். என் கருத்தில், அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சிகிச்சை அந்தக் குழாயை எடுத்ததுதான். அமிகாசின் அதற்கு அடுத்தபடி.

வீடு திரும்பிய சில வாரங்களில் வந்த சோதனைதான் கடினமானது. என் கணவரின் அண்ணன், கிருமி முழுவதும் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளும் ஆவலில், மாமாவின் சிறுநீரை மறுபடி கல்ச்சருக்குக் கொடுத்தார். அதே கிளெப்சியெல்லா, அதே எதிர்ப்புடன் வளர்ந்தது. வீட்டில் அச்சம் பரவியது. திரும்ப அட்மிஷன் போட்டு ஊசி போட வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். மருத்துவர் மாமாவை நன்றாகப் பரிசோதித்துவிட்டு, ஊசி எதுவும் எழுதவில்லை. “காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, அடிவயிறு வலி இல்லை, சாப்பிடறார், நடக்கறார். இப்போ இருக்கற ஒரே மருந்தையும் கொடுத்துட்டா, நாளைக்கு நிஜமா காய்ச்சல் வந்தா எதைக் கொடுக்கறது?” என்று கேட்டார். வெளியே வந்ததும் வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றார் அண்ணன். தட்டுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த மருத்துவரின் துணிவு புரிந்தது. தொல்லை எதுவும் கொடுக்காமல் சிறுநீரில் கிருமி இருப்பது முதியவர்களிடம், அதிலும் சர்க்கரை நோயாளிகளிடமும் குழாய் போட்டவர்களிடமும், பரவலாகக் காணப்படும் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் அதற்கு மருந்து தேவை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தால் நன்மை இல்லை, அடங்காத கிருமியை மேலும் அடங்காததாக ஆக்குவதே மிச்சம். தொல்லை இல்லாதபோது நலமா என்று பார்க்க மறு கல்ச்சர் கொடுக்கவே வேண்டாம். அண்ணனுக்கு இதை உட்கார்ந்து விளக்கினேன். காய்ச்சல், நடுக்கம், எரிச்சல், புத்தித் தடுமாற்றம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அதே இரவு கிளம்பிவிடலாம் என்ற உடன்பாட்டில் அவர் ஒப்புக்கொண்டார். கிளம்ப வேண்டிய தேவை வரவில்லை.

அமிகாசினும் கேட்காமல் போயிருந்தால் என்ன இருந்திருக்கும் என்று அந்த நாள்களில் அடிக்கடி நினைத்தேன். கோலிஸ்டின் என்ற பழைய மருந்து இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஒதுக்கிவைத்த அதையே, வேறு வழியில்லாமல் மீண்டும் எடுத்திருக்கிறார்கள். வட்டக் காகித முறையில் அதை நம்பகமாகச் சோதிக்கவும் முடியாது. செஃப்டாசிடிம்-அவிபாக்டமுடன் அஸ்ட்ரியோனம் சேர்த்துக் கொடுக்கும் முறை என்.டி.எம் கிருமிகளிடம் பலன் தருகிறது. ஆனால் மாந்தோப்பு வருமானத்தில் வாழும் குடும்பம் எளிதில் தாங்கக்கூடிய செலவல்ல அது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு திட்டத்தை முன்வைத்தன. 2014 மார்ச் முதல், செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின்களும் கார்பாபெனங்களும் உள்ளிட்ட மருந்துகள் எச்-1 அட்டவணையில் வந்தன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் பதிவேட்டில் ஏறி மூன்று ஆண்டு இருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு தெரிந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அடையாளம். கோழிகளுக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதை 2019-இல் நாடு முழுவதும் தடை செய்தார்கள். பண்ணைகள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் அது பேருதவி. மாட்டுக்கு மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் சொன்ன நாள்வரை பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் அப்படிப்பட்ட கிருமியுள்ளவர் இருந்தால் தட்டைத் தனியாக வைக்க வேண்டுமா, பேரக்குழந்தைகள் அருகில் போகலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. அந்தக் கிருமி மாதக்கணக்கில் குடலில் தங்கக்கூடும் என்றாலும், உடல்நலமுள்ள வீட்டாருக்கு அதனால் நோய் வருவது அரிது. கழிப்பறை சென்ற பின்னும், அழுக்குத் துணியைத் தொட்ட பின்னும், சமைக்கும் முன்னும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். நோயாளியை எழுந்து நடமாடச் செய்வதே முக்கியம், ஏனெனில் நடக்கிறவருக்கு மறுபடி குழாய் தேவைப்படாது. 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுத்தார்கள். மாமா இப்போது கைத்தடியுடன் தோப்பு வரை போய்வருகிறார்.

மாமாவின் மருத்துவக் கோப்பில் முதல் தாளாக ஒன்றை வைத்திருக்கிறோம். அதன் படம் எங்கள் எல்லோருடைய செல்போனிலும் இருக்கிறது. எந்த மாதத்தில் எந்த மாதிரியில் என்ன கிருமி வளர்ந்தது, எந்தெந்த மருந்துக்கு அடங்கவில்லை, எதற்கு அடங்கியது, அதன் பின் எடுத்த ஆன்டிபயாடிக்குகளின் பெயர், தொடங்கிய நாள், நிறுத்திய நாள், கடைசிக் கிரியாட்டினின் அளவு, சர்க்கரை மாத்திரைகள், எந்த மருந்தும் ஒவ்வாமையா என்ற விவரம் ஆகியவை அதில் இருக்கின்றன. அண்மையில் கண்புரை பார்க்கப் போனபோது, வரிசையில் உட்காரும் முன்பே அதைச் செவிலியரிடம் கொடுத்தோம். அவர் அதைப் படித்துவிட்டு, கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு எழுதி, மாமாவைப் பார்த்து முடித்ததும் நாற்காலியையும் கருவியையும் துடைக்கச் சொன்னார். உங்கள் வீட்டில் யாருக்காவது இத்தகைய ரிப்போர்ட் வந்திருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே வார்டு மருத்துவரிடம் கேட்டு, இந்த விவரங்களை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.